நீட்டிய கைதான் முதலில் விழும்

பேக்கிங் ஹாலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, சிலையைப் பற்றிப் பேச இந்தத் தனகோட்டிக்கு என்ன தகுதி என்று நினைப்பவர்கள் ஒரு கையை முன்னால் நீட்டுங்கள். நன்றாக, தோளுக்கு நேராக. அப்படியே வைத்திருங்கள். நான் நிதானமாகத்தான் சொல்லுவேன். முடிப்பதற்குள் அந்தக் கை என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். கல்லுக்கும் அதே கதிதான். நீட்டிய கைதான் முதலில் விழும். இது தெரிந்தவர்கள் சிலையைப் பற்றிப் பேசலாம். தெரியாதவர்களும் பேசலாம், ஆனால் அதற்கு ஜிப்பா போட்டிருக்க வேண்டும்.

சரக்கு வரவு எழுதும் இன்வர்டு மேசை மேல் ஒரு கருங்கல் கை கிடக்கிறது அல்லவா? அதன் விரல் இடுக்கில் நீங்கள் பேனா செருகி வைக்கிறீர்களாம். வருகிற சரக்கின் காகிதத்தைக் கலைச்செல்வி சத்தமாகப் படிக்கும்போது, ‘இன்னாக்கா, ஒண்ணாங் கிளாஸா இது’ என்று சிரிக்கிறீர்களாம். கலைச்செல்விதான் போனில் சொன்னாள். சிரியுங்கள், சிரிக்கிற வயதுதான். எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு சிரித்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பு வரும். அதற்காகத்தான் இதைச் சொல்லி எழுதவைத்து அனுப்புகிறேன்.

ஒரகடத்தில் இந்த ஹாலுக்குக் கூரை போட்ட நாளிலிருந்து, சால்வை போட்டு என்னை அனுப்பிய நாள் வரைக்கும் நான் பெட்டி கட்டினேன், நடுவில் சூப்பர்வைசரும் ஆனேன். கார் கதவு, கியர் பாக்ஸ், ஆள் உயர மோட்டார் என்று கடல் தாண்டிப் போன சரக்கெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போயிற்று. படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் என் பெயரை மட்டும் கோலம் மாதிரி வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்தில் ஒரு வளைவு விட்டு அடியில் கோடு இழுத்தேன் என்றால், பார்க்கிறவர்கள் கலெக்டர் கையெழுத்தோ என்று நினைப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் அந்தக் கோடு.

பேக்கிங் செய்கிறவளுக்குச் சிலை மேல் ஒரு தனி ரசனை உண்டு. ஜிப்பாக்காரர்கள் சிலை முன் நின்று, ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்பார்கள். நாங்கள், ‘இது எங்கே உடையும்?’ என்று கேட்போம். எங்கள் கேள்விக்கு ஒரே பதில்தான். அது தப்பினால் சாயம் வெளுத்துவிடும். அவர்கள் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் மதியச் சாப்பாடு கிடைக்கும்.

ஒருநாள் காலையில் கார் உதிரிபாகம் வருகிற வண்டியில் ஆறு சிலைகள் வந்து இறங்கின. வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குக் கப்பலில் போக வேண்டியவை. கண்காட்சி நடத்துகிறவர்கள் கூடவே ஒரு கலை ஆலோசகரையும் அனுப்பியிருந்தார்கள். அவர் பெயர் என்னவோ இருந்தது, எங்களுக்கு ஜிப்பா சார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பார்க்க வேண்டிய நேரத்தில் அது நெஞ்சில் கிடக்கும், பேச வேண்டிய நேரத்தில் கண்ணுக்கு ஏறும்.

வந்ததும் எங்களை வட்டமாக நிறுத்திப் பாடம் எடுத்தார்.

“சிலையைக் கையால தொடக்கூடாது. மனசால தொடணும். புரியுதா?”

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்தோணி என் காதோரம் குனிந்தான். “மனசாலயே தூக்கி லாரில வெச்சிட்டார்னா நாம வூட்டுக்குப் போயிடலாம்க்கா.”

“கம்முனு இருடா,” என்றேன். என் வாயும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்தோணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பது தாண்டியவன். ஆறு வருஷமாக கான்ட்ராக்ட்டில் ஓடிக்கொண்டிருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்குப் போகும்போது மட்டும் ஊரில் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவான். அவனை நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகி, மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது வந்தால் தனி வீடு பார்த்துக் குடும்பத்தை அழைத்து வந்துவிடுவான். அதற்குள் ஒரு கறை பட்டால் கடிதம் போகும். அது மட்டுமா? இந்தச் சாலையில் இருக்கிற கான்ட்ராக்ட்காரர்கள் எல்லாருக்கும் ஒரே காது. ஒரு கம்பெனி கேட்டில் வேண்டாம் என்றால் எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

சரி, சிலைகளுக்கு வருவோம்.

முதலில் ஒரு இரும்பு மனிதன். பழைய வண்டிச் சாமான்களை ஒட்டிச் செய்தது. ஜிப்பா சார் கண்ணாடியை ஏற்றி, “இயந்திர யுகத்துல சிக்கிக்கிட்ட மனுஷனோட ஓலம் இது” என்றார்.

அந்தோணி, “யக்கா, மூக்கப் பாரேன். நம்ம பக்கத்து கம்பெனில ரிஜெக்ட் ஆன பிராக்கெட்டு” என்றான்.

“எதுக்கு ரிஜெக்ட் பண்ணாங்க?”

“ஓட்டை ஒரு மில்லி தள்ளிப் பூட்சாம்.”

“அதான் மூக்கு கோணையா கீது.”

ஆனால் அந்த மனிதனை எனக்குப் பிடித்துவிட்டது. நான் எந்தச் சிலையையும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பேன். முன்பக்கத்தை எவனும் நன்றாகச் செய்வான், அதைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள். முதுகில்தான் வேலைக்காரன் அகப்படுவான். இரும்பு மனிதனின் முதுகில் வெல்டிங் முன்பக்கத்தைவிட அழகாக ஓடியிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் ஒருத்தன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஓலமோ ஒப்பாரியோ, எனக்கு அது போதும்.

அடுத்து இரண்டு வெண்கலச் சிலைகள் ஜோடியாக நின்றன. ஒரு கிழவர், ஒரு ஆட்டக்காரி. ஜிப்பா சார் ஆட்டக்காரி முன் கண்ணைப் பாதி மூடி நின்று, “வெண்கலம்னா வெண்கலம்தான். அந்தக் கனம் வேற எதுக்கும் வராது” என்றார். நான் கையுறை போட்டுக்கொண்டு கிழவரின் தோளைத் தொட்டேன், காலை நேரத்து உலோகம் ஜில்லென்று இருந்தது. ஆட்டக்காரியைத் தொட்டேன், ஜில்லிப்பு இல்லை. இடுப்பைப் பிடித்துச் சாய்த்தேன், காலிக் குடம் மாதிரி ஒரு கையோடு வந்தாள்.

“சார், இது ஃபைபரு. மேல வெண்கலப் பெயிண்டு.”

அவர், “எதுல செஞ்சாங்கங்கறது முக்கியமில்லம்மா. உணர்வுதான் முக்கியம்” என்றார். அவர் கையில் இருந்த பட்டியலிலேயே ஃபைபர் என்று போட்டிருந்ததாம். கலைச்செல்வி பிறகு பார்த்துச் சொன்னாள். பட்டியல் அவர் கையில் இருந்தது, கண்ணாடி நெஞ்சில் இருந்தது.

ஃபைபரில் செய்தது தப்பில்லை, பிள்ளைகளே. ஃபைபருக்கு ஃபைபரின் மரியாதை உண்டு. எடை இல்லாததால் அந்த ஆட்டக்காரியை ஒற்றைக் கால் விரலில் நிற்க வைத்திருந்தார்கள், வெண்கலத்தில் அப்படி நிற்கவைக்க வேண்டுமானால் எத்தனை முட்டுக் கொடுக்க வேண்டும்! எது எதனால் ஆனது என்று தெரிந்தால்தானே அது செய்கிற சாகசம் தெரியும்? ஃபைபரைப் பார்த்து வெண்கலம் என்று உருகுகிறவர் இரண்டையுமே பார்க்கவில்லை.

நாலாவது ஒரு சுட்ட மண் தலை, அண்டா அளவு. சட்டி வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் தட்டினேன். டிங்கென்று முழுசாகப் பேசியது, நன்றாக வெந்த மண். ஐந்தாவது மரத்தில் செய்த ஒரு ஆந்தை. மரத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. முன்பு ஒரு தடவை, ஓட்டலுக்குப் போகிற மரக்குதிரையின் பெட்டியில், கார் சாமானுக்குப் போடுவது போல ஈரம் உறிஞ்சும் பைகளை வாரி வாரிப் போட்டேன். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று! போய்ச் சேர்ந்து திறந்தபோது குதிரைக்கு வயிறு பிளந்திருந்தது. அப்போது எங்கள் பெட்டி ஆசாரி என்னைத் திட்டவில்லை. “மரம் செத்த பிறகும் தண்ணி குடிக்கும். நீ தாகத்துலயே அனுப்பிட்ட” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஆந்தையை ஈரப்பை இல்லாமல் துணி சுற்றிப் படுக்க வைத்தேன்.

ஆறாவதுதான் அவள்.

கருங்கல்லில் ஒரு பெண். என் உயரம் இருப்பாள். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பா சார் அதை, “பிரபஞ்சத்தை நோக்கி ஒரு கேள்வி” என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்துகிறவள் மாதிரி எனக்குத் தோன்றியது. வழக்கம்போலப் பின்னால் போய்ப் பார்த்தேன். கொசுவம் ஒழுங்காக மடிந்திருந்தது. கொண்டையில் ஒரு பிரி அவிழ்ந்திருந்தது. இடது குதிகால் மட்டும் தரையை விட்டு நூல் அளவு தூக்கியிருந்தது. குனிந்து இன்னொரு முறை பார்த்தேன். ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்தவளின் கால் அப்படித்தான் தூக்கும். அந்தச் சிற்பி யாரோ ஒருத்தியைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான், அவள் நோவை யாரிடமும் சொல்லாமல் கல்லில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

தோளில் தட்டினேன். ணங். முழங்கையில் தட்டினேன். ணங். மணிக்கட்டில் தட்டினேன். தொப்.

என் வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் வாங்கியபோது கடைக்காரன் விரிசலைப் பசை வைத்து அடைத்து என் தலையில் கட்டினான். அந்தத் ‘தொப்’ எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு முறை உறுதியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று கையை ஓங்கினேன்.

“ஏம்மா! இன்னா இது, மண் சட்டியா தட்டிப் பாத்து வாங்க? தள்ளி நில்லுங்க!”

எங்கள் பேச்சிலேயே ‘இன்னா’ போட்டு என்னைக் கிண்டல் செய்தார். வண்டியோடு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சொல்ல வந்ததை விழுங்கினேன். தட்டிப் பார்த்து வாங்குகிறவளை ஏமாற்ற முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் இங்கிலீஷில் ஆறு காகிதங்களை நீட்டினார், சிலைகள் நல்ல நிலையில் வந்தன என்பதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டியவை.

“படிச்சுப் பாத்து சைன் பண்ணுங்க.” பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “படிப்பீங்கல்ல?” என்றார்.

வழக்கமாக வருகிற காகிதத்தை இன்வர்டு மேசைக் கலைச்செல்வி, கதை பேசுகிற சாக்கில் எனக்குப் படித்துக் காட்டிவிடுவாள். எனக்குப் படிக்க வராது என்று அவள் சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அன்றைக்கு அவள் அக்காள் கல்யாணத்துக்கு லீவு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காகிதத்தை வாங்கினேன். ஒரு படித்தவள் படிக்கிற நேரத்துக்குக் கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கினேன். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். ஆறு காகிதத்திலும் ஆறு கோலம். கடைசிக் காகிதத்தில் வளைவு கொஞ்சம் கூடவே வளைந்தது. அத்தனை சிலைகள் அங்கே நின்றன, ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த பெரிய போலி நான்தான்.

அதோடு விட்டேனா? பெட்டிக்குள் கல்பெண்ணின் கைக்கு அடியில் ஃபோம் முட்டுக் கொடுக்கப் போனேன். “கையில எதுவும் படக்கூடாது, பாலீஷ் போயிடும். சுத்தி காத்து இருக்கணும்” என்றார் ஜிப்பா சார். ‘சார், அந்த மணிக்கட்டு சரியில்லை’ என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். “சரி சார்” என்றேன். உன் சிலை, உன் காற்று, நீயே அனுபவி என்று மனசுக்குள் ஒரு வீம்பு. கோபத்தோடு பெட்டி கட்டுகிறவள் தன்னைத் திட்டினவனைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொள்வாள். அடி வாங்குவது வேறு யாரோ.

அந்தோணி அந்தப் பெட்டியைத் தூக்கி, எடை பார்த்து, ஓரமாக இறக்கினான். நான் கூடவே நடந்தேன். விளிம்பு வரை தண்ணீர் வைத்த குடத்தை இறக்குவது மாதிரி இறக்கினான். தரையில் சத்தமே இல்லை.

மறுநாள் காலையில், ஆணி அடித்து மூடுமுன் கடைசிப் போட்டோ எடுக்க மூடியை எடுத்தார்கள். கை, பெட்டியின் அடியில் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

மேனேஜர் அறையில் நாங்கள் நாலு பேர். மேனேஜர் மேசைக்கு அந்தப் பக்கம். ஜிப்பா சார் நாற்காலியில். நானும் அந்தோணியும் நின்றுகொண்டு. மேசையில் ஒரு ஓரம் கல் கை, இன்னொரு ஓரம் என் கோலம் போட்ட காகிதம். அவர்கள் இரண்டு பேரும் கையைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

“நல்ல நிலையில வந்துச்சுன்னு உங்க சூப்பர்வைசரே சைன் பண்ணியிருக்காங்க,” என்றார் ஜிப்பா சார். “அப்ப இங்கதான் உடைஞ்சிருக்கு. தூக்கினது இவர்தான்.”

மேனேஜர் அந்தோணியைப் பார்க்காமல் பேசினார். “ரிப்போர்ட்ல ஆபரேட்டர் பேர் போட்டுத்தான்பா ஆகணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“சார், நா இடிக்கல சார்,” என்றான் அந்தோணி. “அக்கா கூடவே நடந்து வந்தாங்க, கேளுங்க. ஆறு வருசமா ஒரு கீறல் பட்டிருக்குமா சார் என் வண்டில?”

நான் கையை எடுத்து உடைந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கல் உடைந்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி மினுக்கும். இதில் முக்கால்வாசி மஞ்சளாக, காய்ந்த பசை. “சார், இது பழைய ஒட்டு. வரும்போதே ஒட்டுனதுதான் வந்திருக்குது.”

ஜிப்பா சார் சிரித்தார். “நேத்து உடைச்சிட்டு ஒட்டி மறைக்கப் பாத்திருப்பாங்க. அதான் பசை. இது இன்னும் மோசம்.”

அந்தோணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார். மேசையில் அவர் முழங்கைக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அந்தோணியின் கடிதம் அதில்தான் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகளே, என்ன செய்வது என்று அப்போது நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பதினேழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதைவிட அவன் வீடு பெரிது, அவ்வளவுதான் கணக்கு.

“சார், அந்தக் கையெழுத்து செல்லாது,” என்றேன்.

“ஏன்?”

“எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம போட்டேன். இவரு ‘படிப்பீங்கல்ல’ன்னு கேட்டாரு, ரோசத்துல போட்டேன். மணிக்கட்டுல சத்தம் சரியில்லன்னும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லல. எழுதறதா இருந்தா என் பேர எழுதுங்க. இவன் பேர எடுங்க.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் இத்தனை வருஷமும் தவிர்த்து வந்தேன். ‘இன்னாது, தனகோட்டிக்காவுக்குப் படிக்க வராதா?’ என்கிற பார்வை.

“நல்ல சாக்கு,” என்றார் ஜிப்பா சார். “மாட்டிக்கிட்டதும் படிக்கத் தெரியாதாம்.”

“குடுங்க சார் அந்தக் காகிதத்த,” என்றேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. என் கையெழுத்துக் கோட்டை அழிக்கத் தோன்றியதோ என்னவோ. வாங்கிக் கையில் பிடித்ததும் கட்டைவிரல் சொல்லிவிட்டது, இது ஒரு தாள் இல்லை. பேக்கிங் கவர் எண்ணி எண்ணி, ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு கவரைத் தடவியே பிரித்த விரல் இது. பின்னால் இன்னொரு தாள் பின் அடித்திருந்தது. சின்னத் தாள், முன் தாளுக்குள் முழுசாக மறைந்திருந்தது. திருப்பினேன்.

தமிழ். பேனாவால் குண்டு குண்டாக எழுதியிருந்தது.

நான் மேசையில் சாய்ந்துகொண்டு படித்தேன். என் வேகத்தில்தான். “வ… ல… து… வலது. ம… ணி… மணிக்கட்டு. வலது மணிக்கட்டு…” யாரும் அவசரப்படுத்தவில்லை. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதாகத் தோன்றியது. “செ… து… செதுக்கும்போது… விட்டு… விட்டுப்போனது. ஒட்டி… ஒட்டியிருக்கிறேன். கை… கைக்கு… அடியில்… முட்டு… முட்டுக் கொடுத்து… அனுப்பவும்.” கீழே சிற்பியின் கையெழுத்து. அது கோலம் இல்லை, பெயர்.

மேனேஜர் ஜிப்பா சார் பக்கம் திரும்பினார். “இது உங்க பேப்பர்தான சார்? நீங்க பாக்கலையா?”

“அது… தமிழ்ல இருந்துச்சு. நான் கவனிக்கல.”

“உங்களுக்குத் தமிழ் தெரியாதா?”

“தெரியும்.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பெரிய மனுஷி பேசாமல்தான் இருப்பாள். என்னால் முடியவில்லை. “சார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால முன்பக்கம் படிக்கல. அவருக்கு ரெண்டும் தெரியும். அதனால ரெண்டு பக்கமும் படிக்கல.”

அந்தோணி தொப்பியால் வாயை மூடிக்கொண்டான்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பாராட்டினால் எனக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் குத்துகிறது. அந்தத் தாள் எனக்குத் தெரிந்த பாஷையில் இருந்தது. ஒரே ஒரு முறை திருப்பியிருந்தால் போதும். எந்தச் சிலையையும் பின்பக்கம் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், ஒரு காகிதத்தின் பின்பக்கம் பார்க்கவில்லை. படிக்காததால் இல்லை. படித்தவளாகத் தெரிய வேண்டும் என்பதால்.

அந்தோணியின் கடிதம் அன்று மாலையே கையெழுத்தாகவில்லை. மேனேஜர் என்றால் சும்மாவா, ஒரு வாரம் ஆறப் போட்டுத்தான் கொடுத்தார், தன் பெருந்தன்மை எல்லாருக்கும் தெரியட்டும் என்று. கவரை அந்தோணி முதலில் என் கையில்தான் கொண்டுவந்து கொடுத்தான். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். “பின்னாடி ஒண்ணும் இல்லக்கா, நா பாத்துட்டேன்” என்றான்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. இங்கிலீஷில். அதைக் கலைச்செல்வியிடம் கொடுத்து, ஹால் நடுவில் நிறுத்தி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி படித்துச் சொல்லச் சொன்னேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காகக் கண்டிக்கிறோம் என்று அதில் இருந்தது. “நல்லா எழுதியிருக்காங்க” என்று சொல்லிப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த ஹாலுக்கு வருகிற ஒவ்வொரு காகிதத்தையும், முன்பக்கமும் பின்பக்கமும், சத்தமாகத்தான் படிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கிற ஒண்ணாங் கிளாஸ் அப்படித்தான் ஆரம்பித்தது. அதில் முதல் மாணவி நான்.

ஜிப்பா சார் கெட்டிக்காரர். கை இல்லாமலேயே சிலையை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். சில மாதம் கழித்துக் கண்காட்சியின் போட்டோ வந்தது. வெள்ளைச் சுவர், விளக்கு, மணிக்கட்டோடு நின்றுபோன அவள். அவள் முன்னால் பத்துப் பேர், கல்லை விழுங்கிய கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. ‘இல்லாத கைதான் இந்தச் சிலையில் அதிகம் பேசுகிறது’ என்று அவர் எழுதியிருந்ததைக் கலைச்செல்வி படித்துக் காட்டினாள். இருந்தபோதும் அது பேசியது ஐயா, ‘தொப்’ என்று. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட பின்னால் போய் நிற்கவில்லை. அந்தக் குதிகாலை அந்த ஊரில் யாராவது பார்த்தார்களோ இல்லையோ.

கையை என்ன செய்வது என்று மேனேஜர் சிற்பிக்குப் போன் போட்டுக் கேட்டார். “ரெண்டு தடவை விட்டுட்டுப் போன கை சார். மூணாவது தடவை நான் கூப்பிட மாட்டேன். அங்கயே இருக்கட்டும்” என்றாராம். அதனால் அது இன்வர்டு மேசைக்கு வந்தது, காகிதங்கள் பறக்காமல் இருக்க.

ஆகையால் பிள்ளைகளே, முதலில் அந்தப் பேனாக்களை எடுங்கள். கையைத் தூக்கிப் பாருங்கள், கனம் தெரியும். விரல்களைத் தடவுங்கள். நகக்கண் வரைக்கும் எவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான் பாருங்கள். தட்டுங்கள், கேளுங்கள். பிறகு திருப்புங்கள், மஞ்சள் பசை இருக்கும். அதையும் பார்த்த பிறகு நீங்கள் ஒரு சிலையைப் பார்த்தீர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் அதன் அடியில் இருக்கும் காகிதத்தை எடுங்கள். படிக்க வரவில்லையா? வரவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குப் பதினேழு வருஷம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, வாசலில் லாரி நிற்கிறது.

ஆரம்பத்தில் ஒரு கையை நீட்டச் சொன்னேனே, யாராவது இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இறக்குங்கள். வலிக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?